இருபது வருஷத்துக்கு வாங்கியவை

நானும் என் கணவரும் அதிகமாகப் பேசிக்கொண்டது பங்குச் சந்தையில் தினமும் வாங்கி விற்றுக்கொண்டிருந்த காலத்தில்தான். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

அவர் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் மேனேஜர். நான் அட்டுவம்பட்டியில் ஒரு நர்சரிப் பள்ளியில் யுகேஜி டீச்சர். சீசன் முடிந்து ஜூன் மழை பிடித்துவிட்டால் லாட்ஜில் பாதி அறைகள் பூட்டியே கிடக்கும். அப்படி ஒரு மழைக்காலத்தில், ஏழு ரோடு சந்திப்புப் பக்கம் பேக்கரி ஒன்றின் மாடியில் பங்குத் தரகர் ஆபீஸ் திறந்தார்கள். நடத்தியவர் அதற்கு முன் ஊரெல்லாம் இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தவர். எங்கள் இருவருக்கும் பாலிசி போட்டவரும் அவர்தான். பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு கம்ப்யூட்டர், மூலையில் ஒரு டிவி. கீழே பன் வேகும் வாசனை நாள் முழுக்க மேலே வரும். என் கணவர் மழைக்கு ஒதுங்கப் போனவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் கையில் கொஞ்சம் பணம் இருந்தது. அவருக்கு சொந்த ஊர் மலையடிவாரத்தில் அய்யம்பாளையம். என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். என்னைத்தான் கட்டுவேன் என்று அவர் நின்றபோது, அவருடைய அப்பா தென்னந்தோப்பில் இவர் பங்கை விற்றுப் பணமாகக் கையில் கொடுத்துவிட்டார். "இது ஒம் பங்கு. இனிமே ஒனக்கு இங்க ஒரு சோலியும் இல்ல" என்று சொன்னாராம். அந்தப் பணத்தில் அட்டுவம்பட்டியில் ஐந்து சென்ட் இடம் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டுவது எங்கள் திட்டம். ஆனால் நாங்கள் விலை கேட்கக் கேட்க இடத்தின் விலை எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. குறைகிற பணத்தைச் சந்தையில் சம்பாதித்துவிடலாம் என்று அவர் நினைத்தார். நானும் நினைத்தேன்.

நாங்கள் செய்தது தினசரி வியாபாரம். காலையில் வாங்கியதைப் பிற்பகல் மூன்றரைக்குள் விற்றுவிட வேண்டும். இருக்கிற பணத்தைவிடப் பல மடங்குக்கு வாங்க விடுவார்கள். அதனால் விலை கொஞ்சம் ஏறினாலே பெரிய லாபம். கொஞ்சம் இறங்கினால் பெரிய அடி. எனக்கு மதியம் பள்ளி விட்டுவிடும். பஸ் பிடித்து நேராக அந்த மாடிக்குப் போவேன். அதற்குள் அவர் நாலைந்து முறை போன் பண்ணியிருப்பார். பிள்ளைகள் ஏபிசிடி எழுதிக்கொண்டிருக்கும்போது நான் ஜன்னல் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசுவேன்.

"ஏம்மா, அந்த சிமெண்ட் எறங்குது. விட்டுரவா?"

"விட்டுருங்க."

"இன்னுங் கொஞ்சம் பாப்பமே?"

"அப்ப எதுக்கு என்னயக் கேக்கறீங்க?"

"நீ சொன்னா தெம்பா இருக்கும்னுதான்."

விட்டுவிடச் சொன்னால் வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளச் சொன்னால் விட்டுவிடுவார். ஆனாலும் கேட்பார். லாபம் வந்த நாளில் பேக்கரியில் சூடாகப் பப்ஸ் வாங்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி நடப்போம். நஷ்டம் வந்தாலும் நடப்போம், பப்ஸ் மட்டும் இருக்காது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி டாக்டர்களிடம் பேசி முடித்து, நாங்களும் பேசி முடித்து, ஒரு மாதிரி அமைதியாகிவிட்டிருந்த வீடு எங்களுடையது. சந்தைதான் அந்த வீட்டுக்குள் சத்தத்தைக் கொண்டுவந்தது. எதை வாங்கலாம், எதை விற்றிருக்கலாம், நாளைக்கு என்ன ஆகும் என்று சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் பேசிக்கொண்டே இருந்தோம். அம்மா ஒரு முறை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு, "என்னடி இது, ரெண்டு பேரும் தூக்கத்துல கூட கதைக்கிறீங்க" என்றாள்.

இரண்டாயிரத்து எட்டு ஜனவரியில் சந்தை விழுந்தது. அது ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு அவர் போன் பண்ணவே இல்லை. அவர் கூப்பிடாதது நல்லதுக்கு என்று நினைத்துக்கொண்டு நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். மதியம் மாடிப்படி ஏறியபோது உள்ளே பத்துப் பதினைந்து பேர் இருந்தும் ஒரு பேச்சும் இல்லை. என் கணவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை.

"என்னங்க?"

"எல்லாஞ் செவப்பா கெடக்கு" என்றார்.

நாளைக்கு எழுந்துவிடும் என்று தரகர் சொன்னார். அன்றைக்கு வாங்கியதை விற்காமல் கடனிலேயே மறுநாளுக்கு வைத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் சந்தை திறந்த வேகத்தில் விழுந்ததால், வியாபாரத்தையே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டார்கள். மறுபடி திறந்தபோது, கடனாக வாங்க விட்டதற்கெல்லாம் ஈடு கேட்டு, எங்களிடம் இருந்ததைத் தரகர் கம்பெனியே விற்று எடுத்துக்கொண்டது. தோப்புப் பணத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு நாளில் போயிற்று. நாங்கள் பார்த்து வைத்திருந்த அட்டுவம்பட்டி இடத்தை மதுரைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். பள்ளிக்குப் போகும் வழியில்தான் அந்த இடம். அவர்கள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதையும் சுவர் எழுப்பியதையும் நான் தினமும் பார்த்துக்கொண்டு போனேன்.

நாங்கள் சண்டை போடவில்லை. யாரை யார் குற்றம் சொல்வது? அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போனோம், வந்தோம், சாப்பிட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"இனிமே தெனமும் பாக்க வேணாம்."

"சரி."

"விட்ரலாம்னு சொல்லல. வேற மாதிரி பண்ணலாம். நல்ல கம்பெனியா நாலு. மாசாமாசம் சம்பளத்துல ஒதுக்கி வாங்குவோம். இருவது வருசம் தொடக் கூடாது."

"இருவது வருசமா! எனக்கு அம்பத்தி மூணு ஆயிருமே."

"எனக்கு அம்பத்தெட்டு. ரிட்டையர்டு ஆகப்போற நேரம். அப்ப மொத்தமா எடுத்து வீடு கட்டலாம்."

"அம்பத்தெட்டு வயசுல வீடு கட்டி எத்தன நாள் இருக்க?"

"ஏன், முப்பது வருசம் இருப்பேன்" என்றார். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

அந்த நாலு கம்பெனிகளை அவர் தேர்ந்தெடுத்த விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். லாட்ஜையே சுற்றிச் சுற்றி வந்தார். கொடைக்கானல் ஈரத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை சுவர் உரியும், பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். அதனால் ஒரு பெயிண்ட் கம்பெனி. எந்த அறையைப் பெருக்கினாலும் கட்டிலுக்கு அடியில் ஒரே பிஸ்கட்டின் உறைதான் வருகிறது. அதனால் அந்தக் கம்பெனி. மலை ஏறி வருகிற வண்டிகளுக்குத் தேய்கிற டயர். நாலாவது, லாட்ஜ் பணத்தைக் கட்ட அவர் வாரம் இரண்டு தடவை வரிசையில் நிற்கும் பேங்க். "இவ்ளோ கூட்டம் நிக்குதுன்னா நல்லா நடக்குதுன்னுதான அர்த்தம்" என்றார். மாதச் சம்பளம் வந்ததும் தரகருக்கு ஒரு போன், ஒரு நிமிஷப் பேச்சு. அவ்வளவுதான் வேலை.

அந்த அவ்வளவுதான் என்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் சில மாதங்கள் காலை பத்து மணி ஆனால் அவர் கை தானாகப் போனைத் தேடும். விலையைக் கேட்டுவிடுவோமோ என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டு லாட்ஜுக்குப் போவார். பேக்கரிப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் நடப்பார். எனக்கும் கஷ்டம்தான். பள்ளியில் போன் அடிக்காமல் கிடக்கும். மதியம் நேராக வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் என்ன செய்வதென்று தெரியாது. பொறுமையாக இருப்பவர்களுக்குப் பேச ஒன்றும் இல்லை என்று அப்போது தெரிந்தது. வாங்கியாயிற்று. இனி இருபது வருஷம். அதில் என்ன பேசுவது?

பேசுவதற்கு வேறு ஏதாவது வேண்டுமென்று நாங்கள் ஊர் சுற்ற ஆரம்பித்தோம். இத்தனை வருஷம் மலையில் இருந்தும் சுற்றுலா வந்தவர்கள் பார்த்ததைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் வெள்ளனே கிளம்பிக் கூக்காலுக்கு பஸ் ஏறினோம். பூண்டு வயல்கள், அதற்குக் கீழே ஏரி. வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, "யார் வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். சும்மா பார்க்க வந்தோம் என்றதற்கு, "இங்க என்ன இருக்குன்னு பாக்க வந்தீங்க" என்று சிரித்துவிட்டு, திரும்பிப் போகிற பஸ் மதியம் ஒன்று, அதை விட்டால் சாயங்காலம்தான் என்று எச்சரித்தாள். நாங்கள் அதை விட்டுவிட்டோம்.

சாயங்காலம் வரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். அவர் சின்ன வயதில் மருதாநதி அணையில் நீச்சல் பழகியதையும், ஒரு முறை மூழ்கப்போனதையும் சொன்னார். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. நான் எங்கள் அப்பா ராமேஸ்வரத்தில் கப்பலைவிட்டு இறங்கியபோது அகதி ஆபீசில் கொடுத்த போர்வையைக் கடைசிவரை பிரிக்காமலே வைத்திருந்ததைச் சொன்னேன். அன்றைக்கு முழுவதும் ஒரு தடவைகூட அவர் விலை கேட்கவில்லை. அதை அவரே கவனித்து, "பாத்தியா, மறந்தே போச்சு" என்றார். கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சாதத்தில் பாதியை வைத்துவிட்டார். வயிற்றுக்கு மேலே என்னவோ பிடிக்கிறது என்று சொன்னார். வாயு என்று நினைத்தோம்.

அந்த வருஷக் கடைசியில் சந்தை மறுபடி விழுந்தது, முன்னைவிட மோசமாக. தரகர் ஆபீசில் பலர் விற்றுவிட்டு ஓடினார்கள். இவர் மட்டும் மாசாமாசம் வாங்கிக்கொண்டே இருந்தார். "வெல கொறஞ்சா நமக்கு நல்லதுதான், நெறைய கெடைக்கும். நாமதான் இப்ப விக்கப் போறதில்லையே" என்பார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதே நேரம் உடம்பு மெலிந்துகொண்டே வந்தது. பாண்ட்டை இறுக்கக் கயிறு கட்டிக்கொண்டார். கண் மஞ்சளாகிறது என்று லாட்ஜில் ஒருவர் சொன்ன பிறகுதான் மதுரைக்குப் போனோம்.

கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். டாக்டர் நல்ல மனிதர். ஊசி மருந்து போட்டுப் பார்க்கலாம், ஆனால் பெரிய மருந்து, செலவு ஆகும், பலனுக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்று பொறுமையாக விளக்கினார். நான் உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்கவே இல்லை. போட்டுப் பார்க்கலாம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"ஷேர வித்துரலாங்க" என்றேன் அன்று மதியம். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அது விக்கறதுக்கு வாங்கல."

"ஒடம்புக்கு மேலயா அது?"

"இப்ப வித்தா பாதிகூட வராது. மார்க்கெட்டு பாதாளத்துல கெடக்கு. எந்தக் கிறுக்கனாவது இப்ப விப்பானா?"

"நான் விப்பேன். எனக்கு நீங்க வேணும்."

"இருவது வருசம்னு பேசினோம்ல? ஒரு வருசங்கூட முழுசா ஆகலையே புள்ள."

மறுநாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். காசுக்காக இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாரே என்று நான் நினைத்தேன். பாத்ரூமில் போய் அழுதேன். என் வளையலை விற்றேன், பள்ளியில் முன்பணம் வாங்கினேன், முதல் ஊசி போட்டோம். ஊசி அவரைப் படுக்கையில் சாய்த்துப்போட்டது. தண்ணீர்கூட நிற்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில், ஆஸ்பத்திரிக்கு எதிரே இட்லி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது. பல நாளாக அவரை அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இட்லி சூடா இருக்கு. ஒண்ணு சாப்பிடறீங்களா?"

"வித்துட்டேன்" என்றார்.

"என்னத்த?"

போனை நீட்டினார். விற்றாயிற்று என்று தரகர் ஆபீசிலிருந்து மெசேஜ்கள் வந்திருந்தன. பெயிண்ட், பிஸ்கட், டயர், பேங்க்.

எத்தனை நாள் கெஞ்சியிருந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் இட்லிப் பொட்டலத்தைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, "ஏன் வித்தீங்க?" என்றேன்.

"நீதான சொன்ன."

"நான் சொன்னா நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "எங்க லாட்ஜ் மொதலாளி செத்தப்ப பாத்தேன். அவரு சம்சாரம் அவர் பேருல கெடந்ததுக்கெல்லாம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ்னு தாலுகா ஆபீசுக்கும் பேங்குக்கும் ரெண்டு வருசம் அலஞ்சுச்சு. நீ அப்படி அலையக் கூடாது. ஷேரு என் பேருல மட்டுந்தான இருந்துச்சு. பணமா பேங்குல போட்டுட்டா கணக்கு ரெண்டு பேர் பேருல இருக்குல்ல. நீ வெரசா எடுத்துக்கலாம்."

மருந்துக்காக அவர் விற்கவில்லை. அத்தனை நாள் அவர் விற்க மறுத்தது காசுக்காக இல்லை என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. விற்காமல் இருந்தவரை அவருக்கு ஐம்பத்தெட்டு வயது வரப்போகிறது. நான் தினமும் கட்டில் பக்கம் நின்றுகொண்டு அதை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"திரும்ப வாங்கிருங்க" என்றேன். "இப்பவே போன் பண்ணுங்க. எனக்கு வேணாம் இந்தப் பணம்."

"சத்தம் போடாத. அந்த ஐயா தூங்குறாரு."

"வாங்கிருங்கங்க."

"இந்தா, இட்லிய எடு" என்றார். "ஒண்ணு சாப்பிடறேன்."

முக்கால் இட்லி சாப்பிட்டார். எனக்காகச் சாப்பிட்டார் என்று தெரியும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

இரண்டாவது ஊசி வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கொடைக்கானலுக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மா வந்து கூட இருந்தாள். தேத்தண்ணி வைத்து ஸ்பூனால் கொடுப்பாள், அது மட்டும் அவருக்கு உள்ளே இறங்கியது. சித்திரையில் ஒரு பகல் பொழுதில், நான் அவர் காலுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். ஒரு காலில் மாட்டியிருந்தேன். அவருடைய அப்பா அய்யம்பாளையத்திலிருந்து வந்தார். வாசலில் நின்று மகனைப் பார்த்தார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. திரும்பிப் போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

மே மாதம் எலெக்ஷன் முடிவு வந்தது. சீசன் நேரம், ஊர் முழுக்கக் கார். பால் வாங்கத் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு போனவளைத் தரகர் பார்த்துவிட்டார். அவர் முகம் பூரித்துப்போயிருந்தது, என்னைப் பார்த்ததும் அதை மறைக்கப் பார்த்தார்.

"எப்படி இருக்கீங்க மேடம்?"

"இருக்கேன்."

"இன்னைக்கு மார்க்கெட் ஓப்பன் ஆனவுடனே லாக் ஆயிருச்சு. ஏறுன ஏத்தத்துல ட்ரேடிங்கே நிறுத்திட்டாங்க. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. சார் மட்டும் ஒரு ரெண்டு மாசம் பொறுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என்ன சொல்கிறோம் என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க தங்கச்சி" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரிதானே. இரண்டு மாசம் பொறுத்திருந்தால்! வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் பார்த்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. போனேன். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தம்பி நகை வாங்கு என்றான். பள்ளியில் டெபாசிட் போடச் சொன்னார்கள். நான் எதையும் செய்யவில்லை. பாஸ்புக்கை எடுத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. அது அவர் விட்டுக்கொடுத்த வருஷங்களின் விலை என்று தோன்றும்.

கிறிஸ்துமஸ் லீவில்தான் அந்த மாடிப்படி ஏறினேன். பன் வாசனை அப்படியே இருந்தது. தரகர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என் பெயரில் கணக்கு ஆரம்பிக்க வேண்டும், அதே நாலு கம்பெனிகளை வாங்க வேண்டும் என்றேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"சார் வித்த வெலைக்கு இப்ப டபுளுக்கு மேல இருக்கு. கொஞ்சம் எறங்கட்டும், நானே சொல்றேன்."

"பரவால்ல. இன்னைக்கு வெலைக்கே வாங்குங்க."

"எத்தன நாளைக்கு வச்சுக்கற ஐடியா?"

"இருவது வருசம்."

தரகர் பேனாவை எடுத்தார். பெயர், முகவரி, பேங்க் விவரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பிறகு, "நாமினி யார் பேரு போடறது?" என்றார்.

வாய் தானாகத் திறந்து என் கணவர் பெயரைச் சொல்லிவிட்டது. தரகர் பேனாவைக் கீழே வைத்தார். டிவியில் யாரோ விலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து போய் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அங்கேயே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பொறவு சொல்றேங்க" என்றேன்.

அடுத்த வாரம் போய்த் தம்பி மகள் பெயரைக் கொடுத்தேன். அவள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து சம்பளம் வந்ததும் மாசாமாசம் வாங்குகிறேன். நடுவில் சந்தை பல தடவை விழுந்தது, எழுந்தது. விற்கவில்லை. தரகர் போனில், "வாங்கியாச்சு மேடம்" என்பார். சரி என்று வைத்துவிடுவேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதன் பிறகு கொஞ்ச நேரம், வாங்கிவிட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கும். பிறகு பள்ளி மணி அடித்துவிடும்.